மஞ்சள் தெரியும் முன்பே: மலையகத்தில் ஈரல் அழற்சியின் நாட்கணக்கு

(பதுளையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



ஊவாவில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாருக்காவது கண் மஞ்சளித்துவிட்டால் அன்று மாலையே அந்த வீட்டு எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்கிவிடும். யாரோ ஒருவர் கான் ஓரத்தில் கீழாநெல்லி தேடுவார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் நோயாளியின் கோப்பையைத் தொடமாட்டார்கள். எல்லாம் அக்கறையால் செய்வதுதான். ஆனால் பரவலைத் தடுப்பதற்கு இவை ஒன்றிரண்டு வாரம் பிந்தியவை.

இவ்வுரையின் வாதம் அந்தப் பிந்தலைப் பற்றியது. மலையகத்தில் செங்கமாரி என்றும் மஞ்சள் காமாலை என்றும் சொல்லப்படும் நோயின் பெரும்பகுதிக்குக் காரணமான ஹெபடைடிஸ் ஏ வைரஸ், கண் மஞ்சளாவதற்கு முன்பே தன் வேலையில் பாதிக்கு மேல் முடித்துவிடுகிறது. ஆகவே நோயாளியிலிருந்து தொடங்கும் தடுப்பு எப்போதும் வைரஸுக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கும். தொடங்கவேண்டிய இடம் லயத்துக்கு மேலே, பீலி என்னும் பொதுத் தண்ணீர்க் குழாய்க்கு நீர் வரும் ஊற்றுக்கண்.

1. ஐந்து வைரஸ்கள், இரண்டு வழிகள்

ஈரலைத் தாக்கும் முக்கிய வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. பெயர் ஒரே வரிசையில் இருந்தாலும் இவை ஒரே குடும்பத்தவை அல்ல. நம் தேவைக்கு அவற்றை வழியால் பிரித்தால் போதும். ஏயும் ஈயும் மலத்திலிருந்து வாய்க்கு, பெரும்பாலும் தண்ணீர் வழியாகவும் உணவு வழியாகவும் போகின்றன. பி, சி, டி மூன்றும் இரத்தத்தாலும் உடல் திரவங்களாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகின்றன. டி தனித்து வாழாது, பி இருக்கும் உடலில்தான் அதற்கு இடம்.

உலக அளவில் உயிரைக் குடிப்பவை இரண்டாவது கூட்டத்தவையே. 2022ஆம் ஆண்டில் 25 கோடிக்கும் மேற்பட்டோர் நாட்பட்ட ஹெபடைடிஸ் பியுடனும், சுமார் 5 கோடிப் பேர் சியுடனும் வாழ்ந்தார்கள் என்றும், அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 13 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இலங்கை இதில் அதிர்ஷ்டமும் முயற்சியும் கலந்த நாடு. பி வைரஸ் இங்கே குறைவு. 2003இல் தொடங்கிய தடுப்பூசி இன்று தோட்டப் பிள்ளைகளுக்கும் இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்ந்து போடப்படுகிறது. தானமாகக் கிடைக்கும் இரத்தம் பரிசோதிக்கப்படுகிறது. சி வைரஸை இரண்டு மூன்று மாத மாத்திரைகளால் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். சவரக் கத்தி, காது மூக்குக் குத்தும் ஊசி, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றை ஒருவருக்குப் பயன்படுத்தியபின் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்தவருக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற எச்சரிக்கையோடு அந்தக் கூட்டத்தை இங்கே விட்டுவிடலாம்.

லயங்களை வீடு வீடாகச் சாய்ப்பவை ஏயும் ஈயும்.

2. இருபத்தெட்டு நாள்

ஹெபடைடிஸ் ஏ உடலுக்குள் புகுந்து நோய் வெளிப்பட 15 முதல் 50 நாள்வரை ஆகும், சராசரி 28. மலத்தில் வைரஸ் மிக அதிகமாக வெளியேறுவது மஞ்சள் தெரிவதற்கு முந்திய ஒன்றிரண்டு வாரங்களில். அந்நாட்களில் அவருக்கு வெறும் அசதி, சோற்றைக் கண்டால் குமட்டல், இலேசான காய்ச்சல். இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போவார். பிள்ளையானால் பாடசாலைக்குப் போகும். கண் மஞ்சளித்து எல்லோரும் விலகும்போது வைரஸ் குறையத் தொடங்கியிருக்கும்.

இந்தக் கணக்கை நாட்காட்டியில் பொருத்திப் பார்ப்போம். ஒரு தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி சித்திரைப் புத்தாண்டு மழையில் கெட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்று பாதிக்கப்பட்டவர்களுக்குக் கண் மஞ்சளாவது மே நடுப்பகுதியில். இடையில் வெசாக் வந்துபோயிருக்கலாம். ஊரே ஒரு குரலில் என்ன சொல்லும்? "அந்தத் தன்சல்ல குடிச்ச தண்ணிதான்." வெசாக்குக்கு இலவசமாக உணவும் பானமும் கொடுத்த தன்சல்காரர்கள் திட்டு வாங்குவார்கள், சர்பத் வண்டிக்காரர் ஒருவர் பிழைப்பை இழப்பார். கெட்ட தொட்டி மூடியில்லாமல் அப்படியே கிடக்கும். மூன்று நாளைக்கு முன் சாப்பிட்டதைத் தேடுவது வயிற்றோட்டத்துக்குச் சரியான வழி. செங்கமாரிக்கு ஒரு மாதம் பின்னோக்கிப் போகவேண்டும்.

1988இல் சீனாவின் ஷங்காய் நகரம் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அரைவேக்காட்டில் உண்ட சிப்பி வழியாகப் பரவிய ஹெபடைடிஸ் ஏ, சில வாரங்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரைச் சாய்த்தது. முதல் அலை நோயாளிகள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது அந்தச் சிப்பியைத் தின்று வாரங்கள் கடந்திருந்தன.

இலங்கையில் இந்நோய் அறிவிக்கப்படவேண்டிய நோய்களில் ஒன்று. சந்தேகம் எழுந்தாலே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் எச் 544 படிவத்தைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பவேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். வார முடிவில் எண்கள் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய், வாராந்த அறிக்கையில் பதுளைக்கு ஒரு வரியாகவும் மொனராகலைக்கு ஒரு வரியாகவும் அச்சாகும். ஒழுங்கான ஏற்பாடு, பல நாடுகள் பொறாமைப்படக்கூடியது. ஆனால் அந்த வரி நோயாளி வசிக்கும் இடத்தைச் சொல்கிறது, அவர் குடித்த தண்ணீரின் இடத்தைச் சொல்வதில்லை. ஒரே ஊற்றில் குடிக்கும் மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் இரண்டு பரிசோதகர்களின் பிரிவில் இருந்தால் ஒரே பரவல் இரண்டு சிறு எண்களாகிக் கண்ணுக்குத் தப்பிவிடும்.

3. பாதி வசதியின் ஆபத்து

இனிச் சொல்வது கேட்பவரைக் குழப்பக்கூடும். சுகாதாரம் மிக மோசமாக இருந்த காலத்தில் இந்த நோய் பெரிதாகத் தெரியவில்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ் ஏ தொற்றினால் பத்தில் ஏழு பேருக்கு அறிகுறியே இராது. வந்தது தெரியாமலே போய்விடும், ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி தங்கிவிடும். எல்லோருக்கும் சிறுவயதிலேயே வந்துபோன ஊரில் பெரியவர்களுக்கு நோய் இல்லை. வளர்ந்தவர்களுக்கு முதன்முறையாக வந்தால் நிலைமை தலைகீழ்: பத்தில் ஏழு பேருக்குமேல் மஞ்சள் காணும், வாரக்கணக்கில் வேலை கெடும், அரிதாக ஈரல் முற்றிலும் செயலிழக்கும்.

ஆகவே கழிப்பிடமும் குழாயும் ஓரளவு வந்துவிட்ட, முழுமையாக வராத ஊர்தான் ஆபத்தான ஊர். பிள்ளைகள் தப்பி வளர்கிறார்கள், பிறகு ஒரு நாள் ஒரு குழாய் உடைகிறது. 2007இல் கம்பளையில் பரவியபோது நகரத்துக் குடிநீரே பேச்சாயிற்று. 2009இல் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் நெருக்கி வைக்கப்பட்டிருந்த வவுனியா மெனிக் பாம் முகாம்களில் ஹெபடைடிஸ் ஏ பரவியது. 2024இல் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்கூரில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். அங்கே சந்தேகத்துக்கு உள்ளானது பொதுக் குழாய் நீர். இந்தியாவிலேயே கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னே நிற்கும் மாநிலம் அது.

ஊவாத் தோட்டங்கள் இன்று நிற்பது இந்தப் பாதி வழியில்தான். லயத்துப் பிள்ளைகளில் பலர் கொழும்புக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலைக்குப் போய்த் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திரும்பி வருகிறார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத இளைஞர் கூட்டம் ஒன்று இரண்டு இடத்துத் தண்ணீரையும் மாறி மாறிக் குடிக்கிறது.

ஹெபடைடிஸ் ஈ பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1955 நவம்பரில் டில்லியில் யமுனை திசைமாறி, நஜஃப்கர் வாய்க்காலின் சாக்கடை நீர் நகரக் குடிநீர் உள்ளிழுக்கும் இடத்துக்கே திரும்பி வந்தது. பொறியியலாளர்கள் குளோரினைக் கூட்டினார்கள். டைபொயிட் பரவவில்லை, ஆகவே தப்பிவிட்டோம் என்று நினைத்தார்கள். டிசெம்பரில் தொடங்கிச் சுமார் 29,000 பேருக்குச் செங்கமாரி. பக்டீரியாவைக் கொன்ற குளோரின் கலங்கல் நீரில் வைரஸை விட்டுவிட்டது. கர்ப்பிணிகள் கூடுதலாக இறந்தார்கள். அந்தப் பரவல் புது வைரஸின் வேலை என்று சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைக் கொண்டு தெளிவாக இருபத்தைந்து ஆண்டு ஆயிற்று. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஈ வைரஸ் பிடித்தால் ஐந்தில் ஒருவர்வரை இறக்கக்கூடும். நிறைமாதத்துப் பெண்கள் இருக்கும் லயத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், குடும்ப நல உத்தியோகத்தருக்கு அன்றே சொல்லவேண்டியது இதனால்தான்.

4. கீழாநெல்லி பற்றி

இந்தக் கேள்வி அவையில் நிச்சயம் எழும் என்பதால் முன்கூட்டியே பதில். கீழாநெல்லியைக் கேலி செய்வது அறிவியல் அல்ல. 1988இல் லண்டனின் லான்செட் ஆய்விதழில், சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ். பி. தியாகராஜன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அக்குழுவில் இருந்தார். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து பி வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி. உலகம் திரும்பிப் பார்த்தது. பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அந்த ஆய்வு பி வைரஸைப் பற்றியது என்பதையும் கவனிக்கவேண்டும். லயத்தில் வரும் ஏ வைரஸ் நோய் பெரும்பாலும் எதுவும் கொடுக்காமலே சில வாரங்களில் தானாகத் தீரும். ஆகவே யார் எதைக் கொடுத்தாலும் அதுவே குணமாக்கியதாகத் தோன்றும். மந்திரித்தவருக்கும் பெயர், மருந்து கொடுத்தவருக்கும் பெயர். இங்கே உண்மையான கேடு மூன்று: நோயுற்ற ஈரலோடு கண்டபடி பெனடோல் விழுங்குவது, கசிப்போ சாராயமோ குடிப்பது, கடும் பத்தியம் என்று பட்டினி கிடப்பது. மயக்கம், பேச்சுக் குழறல், நிற்காத வாந்தி, இரத்தக் கசிவு இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு நேராகப் பதுளை வைத்தியசாலைக்குப் புறப்படவேண்டும்.

5. பீலி யாருடையது?

அவையோரே, இந்த உரை இங்கே சற்று அதிக நேரம் நிற்கப்போகிறது, ஏனெனில் பீலிக்கும் கக்கூஸுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வி பழையது.

1872இல் ஆங்கிலேயர் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். ஆட்களை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. மலை முழுதும் மலம் கிடந்ததால் சில மாதங்களில் அதே ஆட்களுக்கு அதே புழு திரும்ப வந்தது. கக்கூஸ் கட்டாமல் மருந்து கொடுப்பது வீண் என்று வந்தவர்களுக்கு விளங்கியது. கட்டும் செலவு யாருடையது என்பதில்தான் துரைமார் பின்வாங்கினார்கள். அந்த அனுபவம் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தோன்ற ஒரு காரணமாயிற்று. இன்று நாடு முழுதும் இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிப் பணிமனைகளின் மூதாதை அது. தோட்டத்தில் பிறந்த பாடம் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்துக்குத் திரும்பி வர மிக நீண்ட காலம் எடுத்தது.

நூறாண்டு கழித்தும் செலவு யாருடையது என்ற கேள்வி தீரவில்லை. நிலம் அரசுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது, லயத்தில் குடியிருப்போருக்கு உறுதிப் பத்திரம் இல்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாகவே வாசிக்கப்பட்டு வந்தது. வாக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். 2018இல்தான் அது திருத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டின் அரசாங்கக் குடித்தொகை, சுகாதார ஆய்வு, நகரத்திலும் கிராமத்திலும் மிகப் பெரும்பாலான வீடுகளுக்குப் பாதுகாப்பான குடிநீர் மூலம் இருக்க, தோட்டத்தில் பாதி வீடுகளுக்குக்கூட அது இல்லை என்று காட்டியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இப்போது பீலியைப் பின்தொடர்ந்து மேலே ஏறலாம். மலையிடுக்கில் ஓர் ஊற்று. அதைத் தேக்கச் சிறு தொட்டி, பெரும்பாலும் மூடியில்லாமல் அல்லது உடைந்த மூடியோடு. அங்கிருந்து எஸ்லோன் குழாய் தேயிலைச் செடிகளுக்கிடையில் இறங்குகிறது. மண்வெட்டி பட்ட இடத்தில் ரப்பர் பட்டியால் கட்டு. தண்ணீர் விட்டு விட்டு வரும் குழாயில், வெறுமையாக இருக்கும் நேரம் அந்தக் கட்டு வெளியிலுள்ள சேற்றை உள்ளிழுக்கும். தொட்டிக்கு மேலே என்ன? கொழுந்து மலை. அங்கே நாளெல்லாம் நிற்கும் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை, செடி மறைவுதான். ஆக, நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தரும் கைகளுக்கு மலையில் ஒரு கக்கூஸ் கட்டாததன் விலையை, கீழே அவர்களின் பிள்ளைகளே பீலியில் குடிக்கிறார்கள்.

புதிய தனிவீடுகள் வந்திருக்கின்றன. ஏழு பேர்ச் நிலம், சொந்தக் கழிப்பிடம், வரவேற்கவேண்டியது. ஆனால் சமதரையில் கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் விடும் இடைவெளி மலைச்சரிவில் காக்காது. மேல் வரிசையின் குழி நீர் கீழ் வரிசையின் ஊற்றை நோக்கித்தான் ஊறும். வீட்டுத் திட்ட வரைபடத்தில் ஊற்றுகளைக் குறித்துவிட்டுப் பிறகு குழிகளைக் குறிப்பது ஒரு நாள் வேலை. பின்னர் திருத்துவது பல ஆண்டு வேலை.

பருவமும் இங்கே தனி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் வாசம் வருகிறது. அதே காற்றில் பீலி நூலாகி, ஜனம் கிடைத்த இடத்தில் தண்ணீர் எடுக்கிறது, கை கழுவும் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. ஒக்டோபரில் மழை இறங்கும்போது மலைமேல் சேர்ந்த அழுக்கெல்லாம் ஒரே வாரத்தில் ஊற்றுக்கு வருகிறது. உமா ஓயாத் திட்டச் சுரங்கத்தில் 2014 டிசெம்பரில் நீர் பீறிட்டபின் பண்டாரவளைப் பக்கம் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றி, மக்கள் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். அதற்கு இரண்டு மாதம் முந்தி, ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது, தப்பியவர்கள் முகாமில் பொதுக் கழிப்பிடங்களோடு வாழ்ந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டியது. ஒவ்வொரு பேரழிவுக்குப் பின்னும் நிவாரண லொறிகள் முதல் இரண்டு வாரம் வருகின்றன. வைரஸ் நான்காவது வாரத்தில் வருகிறது.

6. செய்யக்கூடியது

வீட்டளவில் சொல்லவேண்டியது கொஞ்சமே. கொதித்தாறிய நீர் போதும். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையில் தண்ணீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடும் என்றாலும், குமிழி எழ ஒரு நிமிடம் கொதித்தால் இந்த வைரஸ் சாகும். மலைக்குப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோகும் பழைய பழக்கம் மிக நல்ல பழக்கம். கொரோனா காலத்துச் சானிடைசர் போத்தலை நம்பவேண்டாம், கொழுப்புறை இல்லாத இந்த வைரஸிடம் அல்ககோலின் வீரம் குறைவு. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் கையைச் சுத்தமாக்கும். ஓடும் தண்ணீர் என்றவுடன் பேச்சு மறுபடி பீலிக்கே போய்விடுகிறது. "கையைக் கழுவுங்கள்" என்ற சுவரொட்டியைத் தண்ணீர் வராத குழாய்க்கு மேலே ஒட்டுவதில் பயனில்லை.

தடுப்பூசி உண்டு. 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இலங்கையின் தேசியத் திட்டத்தில் ஏ வைரஸுக்கான ஊசி இல்லை, காசு கொடுத்தே போடவேண்டும். ஆர்ஜென்டினா 2005 முதல் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு ஒரே ஒரு ஊசி போட்டு, பிள்ளைகளுக்கு ஈரல் செயலிழப்பதை ஏறத்தாழ இல்லாமல் செய்துவிட்டது. தொற்று நேர்ந்து இரண்டு வாரத்துக்குள் போட்டாலும் காக்கும். ஒரு லயத்தில் முதல் நோயாளி தெரிந்தவுடன் சுற்றியுள்ளோருக்குப் போட ஒரு சிறு கையிருப்பு மாகாணத்தில் இருந்தால் நல்லது. ஆனால் குழாய்க்குப் பதில் ஊசி என்ற பேரத்துக்கு ஒப்புக்கொள்ளக்கூடாது. அதே தண்ணீரில் நெருப்புக் காய்ச்சலும் வயிற்றுளைவும் வருகின்றன.

அறிவிப்புப் படிவத்தோடு பரிசோதகர் வீட்டுக்கு வரும்போது இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டு எழுதலாம்: எந்தப் பீலியில் குடிக்கிறீர்கள், ஒரு மாதத்துக்கு முன் எங்கே இருந்தீர்கள். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. தொட்டிக்குக் குளோரின் போடுவது பரவலுக்குப் பிறகு செய்யும் சடங்காக இல்லாமல், கலங்கல் தெளியவிட்டு, குழாயின் கடைசி வீட்டில் எஞ்சும் குளோரின் அளவை அளந்து பார்க்கும் வாராந்த வேலையாக வேண்டும். அதைச் செய்பவருக்கு அன்றைய பேர் போடவேண்டும். சம்பளமில்லாத பொறுப்பு மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும்.

மற்றொன்று நடந்து பார்க்கவேண்டியது. பரிசோதகர், தோட்ட நிர்வாகத்தின் ஒருவர், தோட்ட வைத்திய உதவியாளர், பிரதேச சபை உறுப்பினர், லயத்திலிருந்து இரண்டு பெண்கள், எல்லோரும் சேர்ந்து ஒவ்வோர் ஊற்றுக்கும் ஏறிப் பார்த்து, மூடி இருக்கிறதா, வேலி இருக்கிறதா, மேலே கழிவுக் குழி உண்டா என்று எழுதி, தொட்டியைக் கழுவிய திகதியையும் பொறுப்பானவரின் பெயரையும் பிரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டவேண்டும். பெண்கள் இருவர் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம், எந்த மழைக்கு எந்தப் பீலி கலங்கும் என்பது குடம் தூக்குபவர்களுக்குத்தான் தெரியும். ஒரு டிவிஷனுக்கு ஒரு காலைப்பொழுது தாராளம், ஒக்டோபர் மழைக்கு முன்னே முதல் பட்டியலை முடித்துவிடலாம்.